ஒரு மனிதன், இரு நோய்கள்: போதை வழக்கு நீதிமன்றங்கள் கற்பிக்கும் பாடம்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வெள்ளி விழா மேடையில் வெற்றிகளைப் பேசுவதே மரபு. நம் பிள்ளைகள் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் பற்றிப் பலரும் பேசினார்கள், கேட்டு மகிழ்ந்தேன். ஆயினும், படித்து முன்னேறியவர்களை எண்ணிப் பெருமை கொள்ளும் இந்நாளில், வழியில் வீழ்ந்து விட்டவர்களையும் எண்ணிப் பார்ப்பது ஒரு கல்விக் கழகத்தின் கடமை எனக் கருதுகிறேன். குடியாலும் கஞ்சாவாலும் போதை மாத்திரையாலும் அழிந்த நம்மவருள் பலர் மனநோயாலும் துன்புற்றவர்கள். அவர்களை நாம் ஒன்று ‘குடிகாரன்’ என்றோம். அல்லது ‘பைத்தியம்’ என்றோம். இரண்டு நோய்களையும் ஒரே உடம்பில் சுமந்த நோயாளி என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

இப்பொருளை அமெரிக்க நாட்டில் இயங்கிவரும் போதை வழக்கு நீதிமன்றங்களின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று சிலர் வினவக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு நடந்துவரும் இம்முயற்சியின் வெற்றியும் தோல்வியும் ஆராயப்பெற்று, எழுத்தில் உள்ளன. இரண்டாவது, அந்நாட்டுச் சிறைகளை நிரப்பியவர்களுள் பெரும்பங்கினர் கறுப்பின மக்கள். அம்மக்களின் நிலையை நம் நிலையோடு ஒப்பு நோக்கித்தான் அண்ணல் அம்பேத்கர் 1946ஆம் ஆண்டில் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் பட்ட துன்பத்திலிருந்து நாம் பாடம் கற்பது முறையே ஆகும்.

மியாமியில் தொடங்கிய முயற்சி

போதைக்கு அடிமையாயிருப்பது ஒரு நோய். அந்நிலையையே குற்றமாக்கித் தண்டித்தல் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. ஆயினும், போதைப்பொருளை வைத்திருத்தல் குற்றமாகவே நீடித்தது. 1980களில் ‘கிராக்’ எனப்படும் மலிவான கொக்கெய்ன் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் பரவியது. 1986இல் ஒரு கடுமையான சட்டம் வந்தது. ஐந்து கிராம் கிராக் தொடர்பான விற்பனைக் குற்றத்திற்கு, ஐந்நூறு கிராம் கொக்கெய்ன் தூளுக்குரிய அதே ஐந்தாண்டுக் குறைந்தபட்சச் சிறைத் தண்டனையை அது விதித்தது. இரண்டும் ஒரே நஞ்சுதான். ஆனால் கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நூற்றுக்கு ஒன்று என்ற இவ்வேற்றுமை 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்று எனக் குறைக்கப்பட்டது. சட்டத்தின் சொற்களில் நிறம் இல்லை. அதன் விளைவில் நிறம் இருந்தது. இதனை நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிறைகள் நிரம்பி வழிந்தன. வெளியே சென்றவர் சில மாதங்களில் அதே குற்றத்திற்காகத் திரும்பி வந்தார். இந்நிலையில் 1989ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் மியாமி நகரில் முதல் போதை வழக்கு நீதிமன்றம் தொடங்கப்பெற்றது. அம்மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராயிருந்த ஜேனட் ரீனோ அம்மையார் இம்முயற்சிக்குத் துணை நின்றார். ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் என்பார் அந்நீதிமன்றத்தின் முதல் நீதிபதியாக அமர்ந்தார்.

இந்நீதிமன்றம் நடைபெறும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். வழக்கமான நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞரும் எதிரி தரப்பு வழக்கறிஞரும் மோதுவார்கள், நீதிபதி தீர்ப்புச் சொல்வார், அத்துடன் முடிந்தது. இங்கோ நீதிபதி, இரு தரப்பு வழக்கறிஞர்கள், நன்னடத்தை அலுவலர், சிகிச்சை அளிப்போர் ஆகிய அனைவரும் ஒரு குழுவாக அமர்ந்து, சிறைக்கு அனுப்புவதற்கு மாறாக அம்மனிதரைச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அவர் முதலில் வாரந்தோறும், பின்னர் சற்று இடைவெளி விட்டு, நீதிபதியின் முன் வந்து நிற்க வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சிறுநீர்ப் பரிசோதனை நடைபெறும். ஒழுங்காக நடந்தால் பாராட்டு. தவறினால் படிப்படியான தண்டனை. பெரும்பாலும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை இது நீடிக்கும். நிறைவேற்றியவரின் வழக்கு தள்ளுபடியாகும், அல்லது தண்டனை குறையும்.

இதனால் பயன் விளைந்ததா? 154 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, மீண்டும் குற்றத்தில் வீழ்வோர் விகிதம் நூற்றுக்கு ஐம்பது என்பதிலிருந்து ஏறத்தாழ முப்பத்தெட்டாகக் குறைவதாகக் கண்டது. இது நற்பயனே. இம்முறையைப் பின்பற்றும் பலவகை நீதிமன்றங்கள் இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 4,000 உள்ளன.

இரு வாசலிலும் தள்ளப்பட்டவர்

ஆனால், இந்நீதிமன்றங்களின் வாசலில் வந்து நின்றவர்களுள் பலருக்குப் போதை மட்டுமே நோயாக இருக்கவில்லை. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1955இல் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,58,000 பேர் இருந்தனர். அவற்றை மெல்ல மூடி, மக்கள் வாழும் இடத்திலேயே மனநலச் சிகிச்சை அளிப்போம் என்று 1963இல் அதிபர் கென்னடி காலத்தில் சட்டம் இயற்றினார்கள். மருத்துவமனைகள் காலியாயின, வாக்களித்தபடி ஊர்தோறும் சிகிச்சை நிலையங்கள் போதிய அளவில் எழவில்லை. அதனால் நோயாளிகளுள் பலர் தெருவிற்கும், தெருவிலிருந்து சிறைக்கும் வந்து சேர்ந்தனர். சில மாவட்டச் சிறைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அங்கிருந்த ஆண்களில் நூற்றுக்கு 14.5 பேரும், பெண்களில் நூற்றுக்கு 31 பேரும் கடுமையான மனநோய் உடையவர்கள் என்று கண்டது. பெண்களின் விகிதம் இருமடங்குக்கு மேல் என்பதை இங்குள்ள தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மனநோயும் போதையும் ஒன்றாக வருவது தற்செயல் அன்று. 1990இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று, மதுவல்லாத பிற போதைக்கு அடிமையானவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கும், மது நோயாளிகளில் நூற்றுக்கு 37 பேருக்கும் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோயும் இருந்ததாகக் கண்டது. இரு நோய்களும் சேர்ந்திருக்கும் நிலை சிறைவாசிகளிடையே மிகுதியாயிருந்ததையும் அது எடுத்துக்காட்டியது.

இவ்விரண்டையும் பிணைப்பது எது? மூன்று வழிகள் உண்டு என்பர். உள்ளத்தின் வேதனையைத் தணிக்கவே மனிதர் போதையைத் தாமே மருந்தாகக் கொள்கிறார் என்பது காண்ட்சியன் என்னும் மருத்துவர் 1985இல் விரித்துரைத்த கருத்து. போதையே மனநோயைக் கிளறிவிடுவதும் உண்டு. இளம் வயதில் மிகுதியாகக் கஞ்சா புகைப்பவர்க்கு மனச்சிதைவு நோய் தோன்றும் ஆபத்து கூடுகிறது. வறுமை, அவமானம், இளமையில் பட்ட அடி, பாலியல் கொடுமை ஆகிய ஒரே வேரிலிருந்து இரண்டும் முளைப்பதும் உண்டு. எந்த வழியில் வந்தாலும், சேர்ந்து விட்ட பிறகு ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம். இருபத்தாறு வயது இளைஞன். யாரோ தன்னை ஏசும் குரல் அவன் காதில் இடைவிடாது ஒலிக்கிறது. கொக்கெய்ன் புகைத்த சிறிது நேரம் துணிவு பிறக்கிறது. பின்னர் அக்குரல் முன்னினும் உரக்க ஒலிக்கிறது. காவலர் பிடிக்கின்றனர். போதைச் சிகிச்சை நிலையத்திற்குச் சென்றால், ‘முதலில் உன் மனநோயைக் குணப்படுத்திக்கொண்டு வா’ என்கிறார்கள். மனநல மருத்துவமனைக்குச் சென்றால், ‘முதலில் போதையை விட்டு வா’ என்கிறார்கள். மத்தளத்திற்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல இரு வாசலிலும் தள்ளப்பட்டு, கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒரே வாசலுக்கு அவன் வந்து சேர்கிறான். அது சிறை வாசல்.

போதை வழக்கு நீதிமன்றங்களும் தொடக்கத்தில் இப்பிழையிலிருந்து தப்பவில்லை. மனநோய் உடையவரை ‘எங்கள் திட்டத்திற்கு ஏற்றவர் அல்லர்’ என்று பல நீதிமன்றங்கள் விலக்கின. சேர்த்துக்கொண்ட இடத்திலும், அவர் வேளை தவறி வந்தால் அது கீழ்ப்படியாமை எனத் தண்டிக்கப்பட்டது. மனநோய்க்கெனத் தனி நீதிமன்றம் 1997இல் அதே புளோரிடாவின் பிரவர்ட் மாவட்டத்தில் ஜிஞ்சர் லெர்னர் ரென் என்னும் பெண் நீதிபதியின் தலைமையில் தோன்றியது. அது ஒரு முன்னேற்றமே. எனினும், போதைக்கு ஒரு நீதிமன்றம், மனநோய்க்கு ஒரு நீதிமன்றம் என்று பிரித்து விட்டால், இரண்டும் உடையவர் எங்கே செல்வார்?

ஒருங்கிணைந்த சிகிச்சை

இதற்கு மருத்துவ உலகம் கண்ட விடை எளிமையானது. இரு நோய்களையும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், ஒரே குழுவினர் கவனித்தல் வேண்டும். முதலில் இது, பிறகு அது என்பதில்லை. ராபர்ட் டிரேக் முதலிய மருத்துவர்கள் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் இம்முறையை வகுத்து வளர்த்தனர். எந்தக் கதவைத் தட்டினாலும் அது சரியான கதவாகவே இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. நீதிமன்றத்திற்குள் இதனை நடைமுறைப்படுத்துகையில் ஐந்து செய்திகள் இன்றியமையாதவை.

ஒன்று: வருகின்ற அனைவரையும் இரு நோய்களுக்கும் சோதித்தறிதல். போதை விடுபடும் நாட்களில் தோன்றும் நடுக்கமும் அச்சமும் மனநோய் போலவே தோற்றமளிக்கும். உண்மையான மனநோய் போதையின் மறைவில் ஒளிந்திருப்பதும் உண்டு. ஆகவே, ஒரு முறை பார்த்து முத்திரை குத்திவிடாமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும்.

இரண்டு: மருந்தும் போதையும் ஒன்றல்ல என உணர்தல். ‘எல்லாப் பொருளையும் விட்டுவிடு’ என்று சொல்லி, மனநோய்க்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தச் செய்வது கேடாய் முடியும். ஹெராயின் பழக்கத்திற்குச் சிகிச்சையாக வழங்கப்படும் மெத்தடோன், புப்ரினார்பின் ஆகியவற்றைப் பல நீதிமன்றங்கள் நெடுங்காலம் தடுத்து வந்தன. அத்தகைய தடை விதிக்கும் நீதிமன்றங்களுக்கு மத்திய அரசின் மானியம் இல்லை என்று 2015இல் அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. எந்த மருந்து, எவ்வளவு என்பது மருத்துவரின் முடிவு, நீதிபதியின் முடிவன்று.

மூன்று: இயலாமை வேறு, இணங்காமை வேறு எனப் பிரித்தறிதல். இதுவே அனைத்திலும் நுட்பமானது. குறித்த நாளில் நீதிமன்றத்திற்கு வருவது ஒருவரால் இயன்ற செயல்; அதனைப் பொய் சொல்லித் தட்டிக் கழித்தால் கண்டிக்கலாம். ஆனால், நெடுநாள் அடிமையானவர் முதல் மாதத்திலேயே போதையை அறவே விடுவது அவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. அங்கே தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சையைக் கூட்டுதல் வேண்டும். மருந்தின் மயக்கத்தால் காலையில் எழ முடியாதவருக்குச் சிறை மருந்தாகாது. பிற்பகல் நேரம் ஒதுக்கினால் போதும்.

நான்கு: முறையை மனிதருக்கேற்ப அமைத்தல். பெருங்கூட்டத்தில் நிறுத்தி ஒருவர் குற்றங்களை உரக்கச் சொல்லிக் கலங்கச் செய்யும் பழைய முறை மனச்சிதைவு உடையவரை இன்னும் சிதைக்கும். சிறு குழு, குறைந்த நேரம், எளிய சொற்கள், எழுதிக் கொடுத்த நினைவூட்டல் ஆகியவையே பயன் தரும்.

ஐந்து: உறைவிடமும் வேலையும். தெருவில் படுத்துறங்குபவர் வேளை தவறாமல் மாத்திரை உண்பார் என எதிர்பார்ப்பது வீண். சிகிச்சை, வீடு, வேலை, தம்மைப் போலவே நோயிலிருந்து மீண்டவரின் தோழமை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் மனிதர் நிலைபெறுவார். இதற்குக் காலமும் மிகுதியாகத் தேவை.

போற்றுவதோடு நில்லாமல்

தோழர்களே, இம்முறையின் நன்மைகளைக் கூறினேன். குறைகளைக் கூறாமல் விட்டால் அது கல்வியாகாது. இந்நீதிமன்றங்கள் பலவற்றில் சேர வேண்டுமானால் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இடையில் தோற்றுப் போனவர், வழக்கை நடத்தும் உரிமையையும் இழந்து சிறைக்குச் செல்கிறார். மனக்குழப்பத்தில் இருப்பவர் அவ்வொப்புதலின் பொருளை அறிந்துதான் கையெழுத்திட்டாரா என்பது நியாயமான வினா.

இனி, யார் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள்? நாடு முழுவதும் நோக்குமிடத்து, கைதானவர்களில் கறுப்பின மக்களின் பங்கை நோக்க, இந்நீதிமன்றங்களில் சேர்க்கப்பட்டவர்களில் அவர்கள் பங்கு குறைவு. சேர்ந்தவர்களிலும் நிறைவு செய்தோர் பல இடங்களில் குறைவு. சிறைக்கு முதல் வரிசை, சிகிச்சைக்குக் கடைசி வரிசை. இதனை உணர்ந்தே, 2013இல் அந்நீதிமன்றங்களின் தேசியச் சங்கம் வெளியிட்ட நெறிமுறைகளில், வரலாற்றில் ஒடுக்கப்பட்டோருக்குச் சம வாய்ப்பு அளித்தல் தனி விதியாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நீதிமன்றமும் தன் கணக்கைத் தானே எடுத்து, வேற்றுமை இருந்தால் திருத்த வேண்டும் என்பது அதன் கருத்து. கணக்கெடுக்காத இடத்தில் அநீதி கண்ணுக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஏழை ஒருவர் சிகிச்சை பெறுவதற்கு முன்பு கைவிலங்கு பூட்டப்பட வேண்டுமா? நீதிமன்றம் சிகிச்சையின் கடைசி வாசலாக இருக்கலாம். முதல் வாசலாக இருத்தல் ஆகாது. 1987இல் மெம்பிஸ் நகரில் மனநோயுற்ற கறுப்பின இளைஞர் ஒருவர் காவலரின் துப்பாக்கிக்குப் பலியானார். அதன் பிறகு, 1988இல் அந்நகரில், மனநோயாளிகளை அடையாளம் கண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லக் காவலருக்குப் பயிற்சி அளிக்கும் திட்டம் தோன்றிப் பல நகரங்களுக்குப் பரவியது. வழக்குப் பதிவதற்கு முன்பே வழி திருப்புவது, பதிந்த பின் திருத்துவதினும் சிறந்தது.

நாம் செய்ய வேண்டுவன

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் நிறுவும் தனி நீதிமன்றங்கள் விசாரித்துத் தண்டிப்பவை. சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிப்பவை அல்ல. ஆயினும், அச்சட்டத்திலேயே இரண்டு கதவுகள் உள்ளன. 64-ஏ பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ, சிறு அளவு தொடர்பான குற்றத்திற்காகவோ வழக்குக்கு உள்ளான போதை நோயாளி, அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ தாமே முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால், அவர்மீது வழக்கு நடத்தப்படாது. 39ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றத்தில் தண்டனைக்குரியவராகக் காணப்பட்டவரையும், அவர் இசைந்தால், நீதிமன்றம் சிகிச்சைக்காக விடுவிக்கலாம். அப்போது அவருடைய வயதையும் உடல் நிலையையும் மட்டுமல்லாமல் மன நிலையையும் கருதலாம் என்று அப்பிரிவே கூறுகிறது. மேலும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்னும் சொல்லுக்குள் அடக்கியுள்ளது. இரு நோய்களையும் ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவரச் சட்டத்தின் வாய்ப்பு இருக்கிறது. அதனைக் கேட்டுப் பெறும் நாவே குறைவு.

இங்குதான் கல்வியின் பணி தொடங்குகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்ற ஒன்றே இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமைக்குப் போதுமானது, வருமானம் கேட்கப்படுவதில்லை. நம் இளைஞன் ஒருவன் கைதானால், ‘பேர் கெட்டுவிட்டது’ என்று கதவை மூடிக்கொள்ளாமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் படியேறி, ‘இவன் நோயாளி, 64-ஏ பிரிவின் பயன் வேண்டும், மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்’ என்று கேட்கத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு தெருவிலும் இருத்தல் வேண்டும். வழக்கு வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவி 2022 முதல் இயங்கி வருகிறது.

தாய்மார்களே! குடித்துவிட்டு வரும் மகன் இரவில் உறங்காமல் தனக்குள் பேசிக்கொண்டிருந்தால், அதனைக் குடியின் உளறல் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மந்திரிக்கவும் சங்கிலியில் பிணைக்கவும் செலவிடும் நாட்களுள் ஒரு நாளை மருத்துவருக்குக் கொடுங்கள். மருத்துவரிடம் இரண்டையும் சொல்லுங்கள். குடியை மறைத்து மனநோயை மட்டும் சொன்னாலும், மனநோயை மறைத்துக் குடியை மட்டும் சொன்னாலும் பாதி நோயே சிகிச்சை பெறும். மறுபாதி அவனை மீண்டும் கீழே இழுக்கும்.

மாணவர்களே! நம்முள்ளிருந்து மனநல மருத்துவர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள், நீதிபதிகள் வர வேண்டும். ஒருவரின் இயலாமையை இணங்காமை என்று தவறாகப் படிக்காத கண், அந்த வாழ்வை அறிந்தவரிடம் எளிதில் அமையும். இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் பெறும் பட்டங்களோடு, வீழ்ந்தவர்களுள் எத்தனை பேரைத் தூக்கி நிறுத்தினோம் என்ற கணக்கும் எழுதப்பட வேண்டும்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்னும் அண்ணலின் கட்டளை சிறைக் கதவுக்குப் பின்னாலும் மருத்துவமனைக் கட்டிலிலும் கிடக்கின்ற நம் உடன்பிறப்புகளுக்கும் உரியதே. அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் அடையும் முன்னேற்றம் முன்னேற்றமாகாது.

ஜெய்பீம்!